எக்ஸ்பி கணினியில் வாரத் தொடக்கத்தில் வரும் நீலத்திரையும் சர்வர் 2003-இன் பகிர்வுக் கோப்புறையும்: ஃபார்மட் செய்யத்தான் வேண்டுமா?

அச்சகப்பணி எழுதியது:

வணக்கம். கும்பகோணத்தில் ஒரு சிறிய அச்சகத்தின் டிடிபி பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 நிறுவிய கணினி ஒன்று எங்களிடம் இன்னமும் அன்றாட வேலையில் இருக்கிறது. பேஜ்மேக்கர் 7-இல் வடிவமைத்த பழைய புத்தகங்களையும் கோயில் மலர்களையும் பஞ்சாங்கங்களையும் மறுபதிப்புக்காகத் திறப்பது அதில்தான். தமிழ் விசைப்பலகை மென்பொருளுக்குரிய டாங்கிள் (செருகியிருந்தால்தான் மென்பொருள் இயங்கும் உரிமச் செருகி) பழைய பிரிண்டர்கள் இணையும் பாரலல் போர்ட்டில் செருகும் வகை என்பதால், அந்தப் போர்ட் உள்ள இந்தக் கணினியைக் கைவிட முடியவில்லை. வேலை நடக்கும் கோப்புகள் அதன் டி டிரைவில் இருக்கும். மாலையில் ஒரு பேட்ச் கோப்பை இயக்கினால், மாறிய கோப்புகள் மட்டும் பக்கத்து அறையில் உள்ள விண்டோஸ் சர்வர் 2003 கணினிக்கு நகலாகும். டொமைன் (எல்லாக் கணினிகளின் நுழைவையும் ஒரே சர்வர் நிர்வகிக்கும் அமைப்பு) எதுவும் இல்லை, எல்லாம் ஒரே வொர்க்குரூப்தான்.

இப்போது மூன்று தொல்லைகள். முதலாவது, பெரும்பாலும் திங்கட்கிழமை காலையில், எக்ஸ்பியின் லோகோ வந்த சில நொடிகளில் நீலத்திரை மின்னலாகத் தோன்றி மறைந்து, கணினி மறுபடியும் தொடக்கத்திலிருந்து எழுகிறது. கைப்பேசியில் காணொளியாக எடுத்து நிறுத்திப் பார்த்ததில், பூஜ்யங்களுக்குப் பின் 7பி என்று முடியும் எண் தெரிந்தது. எங்களுக்குக் கணினி பழுதுபார்ப்பவர் வந்து பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டு நிரலில்) ஏதோ ஒன்றை மாற்றுவார், உடனே சரியாகிவிடும். ஆனால் சில வாரங்களில் மீண்டும் வரும். இரண்டாவது, கடந்த சில மாதங்களாகக் கணினி மிகவும் மந்தமாகிவிட்டது. பெரிய படக்கோப்பை நகலெடுக்கும்போது மவுஸ் அம்புக்குறிகூடத் திக்கித் திக்கி நகர்கிறது. மூன்றாவது, புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 கணினியில் சர்வர் 2003-இன் பகிர்வுக் கோப்புறை திறக்கவே இல்லை, எக்ஸ்பியில் மட்டும் திறக்கிறது.

எல்லாவற்றுக்கும் ஒரே வழி எக்ஸ்பியை ஃபார்மட் செய்து மீண்டும் நிறுவுவதுதான் என்கிறார் பழுதுபார்ப்பவர். அந்தத் தமிழ் மென்பொருளின் நிறுவல் குறுந்தகடு எங்களிடம் இல்லை. ஃபார்மட் செய்துவிட்டால் திரும்பி வர வழியில்லை என்று அஞ்சுகிறேன். தை பிறப்பதற்குள் பஞ்சாங்க வேலை முடிய வேண்டும். முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மின்சுற்று எழுதியது:

வணக்கம். ஃபார்மட் செய்ய விடாதீர்கள். விண்டோஸ் கெட்டுப்போயிருந்தால், பயாஸில் ஒரே ஒரு வரியை மாற்றியதும் அது சரியாகிவிடாது. நீங்கள் எழுதியதில் எக்ஸ்பியின் மேல் சந்தேகப்பட எனக்கு எதுவும் தென்படவில்லை.

7பி என்பதன் பொருள், விண்டோஸின் மையப்பகுதியான கெர்னல் எழுந்துவிட்டது, ஆனால் தான் குடியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கையே அதனால் எட்ட முடியவில்லை என்பதாகும். டிஸ்க்கை எட்ட முடியாவிட்டால் லோகோ எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றும். என்டிஎல்டிஆர் என்னும் தொடக்க நிரல், பயாஸின் வழியாக டிஸ்க்கைப் படித்து, கெர்னலையும் தொடக்கத்துக்கு வேண்டிய டிரைவர்களையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. அதுவரை பயாஸ் போதும். அதன்பின் விண்டோஸ் பயாஸை விட்டுவிட்டுத் தன் சொந்த டிரைவரைக் கொண்டு டிஸ்க்கைப் படிக்க முயலும்போது, மதர்போர்டு டிஸ்க்கைக் காட்டும் முறையும் அந்த டிரைவரும் பொருந்தாவிட்டால் 7பி வந்து நிற்கும். 2001-இல் வெளிவந்த எக்ஸ்பியின் குறுந்தகட்டில், சாட்டா டிஸ்க்குகளோடு பேசும் புதிய முறையான ஏஹெச்சிஐ-க்கான டிரைவர் கிடையாது. அந்த முறை அதற்குப் பிறகு வந்தது. அதனால்தான் அந்தக் காலத்தில் எக்ஸ்பியை நிறுவியவர்கள், ஒன்று எஃப்6 அழுத்தி ஃபிளாப்பியிலிருந்து டிரைவரைக் கொடுத்தார்கள், அல்லது பயாஸில் சாட்டா முறையைப் பழைய ஐடிஇ என்று மாற்றிவிட்டு நிறுவினார்கள். உங்கள் கணினி இரண்டாம் வகை என்றே நினைக்கிறேன். பழுதுபார்ப்பவர் ஒவ்வொரு முறையும் மாற்றுவது அந்த ஒரு வரியாகத்தான் இருக்கும்.

அப்படியானால் அது ஏன் திரும்பத் திரும்ப ஏஹெச்சிஐ ஆகிறது என்பதுதான் கேள்வி. மதர்போர்டு எந்த ஆண்டைச் சேர்ந்தது, சனிக்கிழமை மாலையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறீர்களா, நீலத்திரை வரும் காலைகளில் கணினியின் தேதி சரியாக இருக்கிறதா, திரையில் வேறு ஏதாவது ஆங்கில வரி வந்து எஃப்1 அழுத்தச் சொல்கிறதா என்பதையெல்லாம் பார்த்துச் சொல்லுங்கள். நீலத்திரை நிலைத்து நிற்க வேண்டுமானால், கணினி எழும்போது எஃப்8 அழுத்தி, கோளாறு வந்தால் தானாக மறுதொடக்கம் செய்வதை நிறுத்தும் வரியைத் தேர்ந்தெடுங்கள். காணொளி எடுக்க வேண்டிய தேவை இருக்காது.

அச்சகப்பணி எழுதியது:

மிக்க நன்றி. மதர்போர்டு இன்டெல் எச்61 சிப்செட் கொண்டது, 2011-இல் வாங்கியது. வார இறுதியில் தீ விபத்துக்கு அஞ்சி மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் போவோம். மற்ற நாட்களில் கணினியை மட்டும் அணைப்போம், மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பணியாளர்களைக் கேட்டதில், திங்கட்கிழமைகளில் கறுப்புத் திரையில் சீமாஸ் செக்சம் என்று தொடங்கும் ஒரு வரி வருவதாகவும், எஃப்1 அழுத்திக் கடந்துவிடுவதாகவும் சொன்னார்கள். தேதி அந்தக் காலைகளில் 2011 ஜனவரி 1 என்று காட்டுகிறதாம். இன்னொன்றும் சொன்னார்கள், அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை: அதே நாட்களில், விண்டோஸ் எழுந்த பிறகும் டாங்கிளைக் காணவில்லை என்று தமிழ் மென்பொருள் மறுத்துவிடும், பழுதுபார்ப்பவர் அதையும் பயாஸில்தான் சரிசெய்வார்.

மின்சுற்று எழுதியது:

தொடர்பு உண்டு. நீலத்திரை, தேதி, டாங்கிள் மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: மதர்போர்டில் இருக்கும் சீமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது.

கடிகாரமும் பயாஸின் அமைப்புகளும் அழியாமல் இருக்க மதர்போர்டுக்கு எப்போதும் ஒரு துளி மின்சாரம் வேண்டும். கணினியை அணைத்திருந்தாலும், சுவரில் மின்சாரம் இருக்கும்வரை மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ் தரும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்திலிருந்து அது கிடைத்துவிடும். அதனால்தான் செவ்வாய், புதன்கிழமைகளில் உங்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. மெயின் சுவிட்சை இறக்கியதும் முழுப் பொறுப்பும் சிஆர்2032 என்னும் அந்த 3 வோல்ட் வில்லையின் மேல் விழுகிறது. அது தாங்கவில்லை. அமைப்புகள் அழிந்து, திங்கட்கிழமை காலை பயாஸ் தன் தொழிற்சாலை நிலைக்குப் போய்விடுகிறது. உங்கள் போர்டில் அந்த நிலை ஏஹெச்சிஐ என்பதால் 7பி வருகிறது. பாரலல் போர்ட்டின் முகவரியோ முறையோ மாறிவிடுவதால் டாங்கிள் தெரிவதில்லை. தேதி 2011-க்குப் போவதும் இதனால்தான்.

கழற்றுவதற்கு முன், கணினி சரியாக வேலை செய்யும் ஒரு நாளில் பயாஸுக்குள் சென்று ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாட்டா முறை, பாரலல் போர்ட்டின் முகவரி, அது இபிபி முறையா இசிபி முறையா என்பது, எந்த டிஸ்க்கிலிருந்து முதலில் தொடங்குவது என்பது ஆகியவை கட்டாயம் வேண்டும். பிறகு மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, வில்லையின் பக்கத்திலுள்ள சிறு கொக்கியை நகர்த்தினால் அது எழும்பிவிடும். கூட்டல் குறி பொறித்த முகம் மேலே தெரியும்படி புதியதை வையுங்கள். பழையதை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள், 2.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மூடியைத் திறந்திருக்கும்போதே கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

இதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. உங்கள் பேட்ச் கோப்பு எக்ஸ்காப்பி கட்டளையைத் தேதி பார்த்து நகலெடுக்கும் முறையில் இயக்குகிறது என்றால், அது சர்வரில் இருக்கும் பிரதியைவிடப் புதிய தேதி உள்ள கோப்பை மட்டும்தான் எடுக்கும். தேதி 2011 என்று இருந்த நாளில் திருத்திய கோப்பு அதன் கண்ணுக்குப் பழையதாகத் தெரியும். பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் அதை விட்டுவிட்டுப் போயிருக்கும். அந்தத் திருத்தங்கள் இந்த நிமிடம் எக்ஸ்பியின் டிஸ்க்கில் மட்டுமே இருக்கக்கூடும். டி டிரைவில் 2011 ஜனவரி 1 என்ற தேதி விழுந்த கோப்புகளைத் தேடி, இன்றைக்கே தனியாக ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். ஃபார்மட் செய்ய வேண்டாம் என்று நான் முதலிலேயே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. டொமைனில் சேர்ந்த கணினிகளில் இதே பேட்டரி வேறு முகம் காட்டும். கணினியின் நேரமும் டொமைன் சர்வரின் நேரமும் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் கெர்பரோஸ் அடையாளச் சோதனை தோற்றுவிடும், கடவுச்சொல் சரியாக இருந்தும் அனுமதி மறுக்கப்படும். கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டே இருப்பதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

வட்டுக்காப்பு எழுதியது:

மந்தமாக இருப்பதைப் பற்றி நான் எழுதுகிறேன். அதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தம் இல்லை. எக்ஸ்பியின் ஒரு பழைய குணம் இது.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஐடிஇ ஏடிஏ கன்ட்ரோலர்கள் என்னும் பிரிவில் உங்கள் டிஸ்க் இணைந்திருக்கும் சேனலின் பண்புகளுக்குச் சென்று, அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பக்கத்தில் இப்போதைய பரிமாற்ற முறை என்னவென்று பாருங்கள். அல்ட்ரா டிஎம்ஏ மோட் 5 அல்லது 6 என்று இருக்க வேண்டும். பிஐஓ மோட் என்று இருந்தால் மந்தத்துக்குக் காரணம் அதுதான். டிஎம்ஏ முறையில் டிஸ்க் தன் தரவைத் தானே நினைவகத்தில் கொண்டுவந்து சேர்க்கும். பிஐஓ முறையில் ஒவ்வொரு துண்டையும் பிராசஸரே கையால் அள்ளிப் போட வேண்டும். அதனால்தான் கோப்பு நகலாகும்போது மவுஸ்கூட நகர மறுக்கிறது. வேகத்திலும் வேறுபாடு மிகப் பெரியது: மோட் 5 நொடிக்கு 100 எம்பி வரை போகக்கூடியது, பிஐஓ முறையின் உச்சமே 16 எம்பி சொச்சம்.

எக்ஸ்பி தானாக ஏன் அப்படி இறங்குகிறது? டிஸ்க்கோடு பேசும்போது காலம் கடந்த பிழையோ, தரவு சிதைந்து வந்ததைக் காட்டும் சிஆர்சி பிழையோ மொத்தம் ஆறு முறை நேர்ந்தால், விண்டோஸ் அந்தச் சேனலை ஒரு படி மெதுவான முறைக்கு இறக்கிவிடும். பிழைகள் கூடக்கூடப் படிப்படியாக இறங்கி, கடைசியில் பிஐஓ-வில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிழை நின்ற பிறகும் தானாக மேலே ஏறாது. அந்தச் சேனலை டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் செய்துவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்தால், விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுகொண்டு மீண்டும் டிஎம்ஏ முறையில் அமைத்துவிடும். பல தளங்களில் இத்தோடு முடித்துவிடுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆறு முறை பிழை வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. காய்ச்சலின் காரணத்தைப் பார்க்காமல் மாத்திரை மட்டும் கொடுப்பதற்கு ஒப்பானது இது.

ஆகையால் வரிசை முக்கியம். முதலில் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்து, டிஸ்க் அல்லது ஏடிஏபிஐ என்ற மூலத்திலிருந்து 7, 9, 11, 51 ஆகிய எண்களில் எச்சரிக்கைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 7 என்றால் டிஸ்க்கின் பரப்பில் படிக்க முடியாத இடம் இருக்கிறது. 9-உம் 11-உம் கேபிளையோ கன்ட்ரோலரையோ சுட்டுவதும் உண்டு. அடுத்து, சிஸ்டம்ரெஸ்க்யூ போன்ற, நிறுவாமலே ஓடும் ஒரு லைவ் லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியை எழுப்பி, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவுகளைப் பாருங்கள். 5, 197 என்னும் எண்ணுள்ள வரிகளின் கடைசி நெடுவரிசையில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருந்து, அது வளர்ந்துகொண்டும் போனால், டிஸ்க்கின் நாட்கள் எண்ணப்படுகின்றன என்று பொருள். அவை பூஜ்யமாக இருந்து 199-ஆம் வரி மட்டும் கூடிக்கொண்டு போனால், குற்றவாளி சாட்டா கேபிள்.

எதுவாக இருந்தாலும், விண்டோஸின் வட்டுச் சோதனை நிரலான செக் டிஸ்க்கை இப்போது ஓட்டாதீர்கள். சாகப்போகும் டிஸ்க்கில் அதைப் பழுதுநீக்கும் முறையில் ஓட்டினால், கெட்ட இடங்களில் மணிக்கணக்காகத் தலையை முட்டிக்கொண்டு, மிச்சமிருக்கும் ஆயுளையும் தின்றுவிடும். அதே லைவ் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்னும் நிரல் இருக்கிறது. அது முதல் சுற்றில் படிக்க முடிந்த எல்லாவற்றையும் விரைவாக எடுத்துவிட்டுக் கெட்ட இடங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளும். எதுவரை எடுத்தோம் என்பதை ஒரு மேப் கோப்பில் எழுதி வைப்பதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முழு டிஸ்க்கையும் வேறொரு பெரிய டிஸ்க்கில் ஒரு படக்கோப்பாக (டிஸ்க் முழுவதையும் அப்படியே அடக்கிய இமேஜ் கோப்பாக) எடுத்துவிடுங்கள். மூலம் எது, நகல் சேரும் இடம் எது என்பதை டிஸ்க்கின் சீரியல் எண்ணை வைத்து உறுதிசெய்த பின்னரே கட்டளையை இயக்குங்கள். இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் வெற்று டிஸ்க் உங்கள் பஞ்சாங்கத்தின் மேல் எழுதப்பட்டுவிடும். இந்தப் படக்கோப்பு கையில் இருந்தால் தமிழ் மென்பொருளின் குறுந்தகடு இல்லையே என்ற அச்சமும் பெருமளவு தீரும்.

அதற்குப் பிறகு கேபிளை மாற்றுங்கள், சேனலை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். டிஸ்க்கையே மாற்ற நேர்ந்தால் எஸ்எஸ்டி வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. அழித்த இடங்கள் எவை என்று எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் கட்டளை எக்ஸ்பிக்குத் தெரியாது. எக்ஸ்பி முதல் பார்ட்டிஷனை 63-ஆம் செக்டாரில் தொடங்குவதால், 4096 பைட் அலகுகளில் எழுதும் புதிய டிஸ்க்குகளில் எழுதும் ஒவ்வொரு முறையும் இரண்டு அலகுகளைத் தொட நேர்ந்து வேகம் குறையும். 4096 பைட் அலகு இல்லாத சாதாரண ஹார்ட் டிஸ்க்கே இந்த வேலைக்குப் போதும்.

புதியவரவு எழுதியது:

விண்டோஸ் 11 பிரச்சினைக்கு எளிய வழி இருக்கிறதே. கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் வசதிகளைக் கூட்டும் பகுதிக்குப் போய் எஸ்எம்பி 1.0 என்ற வரியில் டிக் செய்துவிட்டு மறுதொடக்கம் செய்தால் சர்வர் 2003 திறந்துவிடும். எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் ஓடுகிறது.

வலைக்காவல் எழுதியது:

புதியவரவு சொல்வது வேலை செய்யும். ஆனால் அதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏன் என்பதை விளக்கமாகவே எழுதுகிறேன்.

கோப்புகளைப் பகிர்வதற்கு விண்டோஸ் கணினிகள் பேசிக்கொள்ளும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். எக்ஸ்பிக்கும் சர்வர் 2003-க்கும் அதன் முதல் பதிப்பு மட்டுமே தெரியும், இரண்டாம் பதிப்பு விஸ்டாவோடுதான் வந்தது. 2017 மே மாதத்தில் வான்னகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியபோது, அது நுழைந்த வாசல் இந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டைதான். அதற்குரிய திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. ஆனால் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியும் சர்வர் 2003-க்கான ஆதரவு 2015 ஜூலை 14-ஆம் தேதியும் முடிந்துபோயிருந்ததால், அவற்றுக்கு அது பொதுவாகக் கிடைக்கவில்லை. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகள் தடைபட்ட பிறகு, விதிவிலக்காக இந்தப் பழைய பதிப்புகளுக்கும் ஒரு திருத்தம் வெளியானது. உங்கள் இரண்டு கணினிகளிலும் கேபி4012598 என்ற எண்ணுள்ள அந்தத் திருத்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வேறு எதற்கும் முன் அதை நிறுவுங்கள். பிறகு வந்த ஓட்டைகளுக்கெல்லாம் இப்படித் திருத்தம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

2017-இன் இறுதியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 இயல்பு நிறுவலிலிருந்து படிப்படியாக நீக்கப்பட்டுவிட்டது. டிக் செய்து சேர்த்தாலும், கணினி அணைந்திருக்கும் நேரம் போக மொத்தம் 15 நாள் பயன்படாமல் இருந்தால் அதைத் தானே நீக்கிவிடும் தனிப்பகுதியும் உண்டு. அச்சகத்தில் இதைச் சேர்த்துவிட்டு, பிறகு ஒருநாள் திடீரென்று திறக்கவில்லை என்று மீண்டும் இங்கே வந்து கேட்கும் நிலை வரக்கூடும். அதைவிடப் பெரிய கவலை, இணையத்தில் உலாவும், மின்னஞ்சல் திறக்கும் அந்தப் புதிய கணினியும் பாதுகாப்பில்லாத சர்வரும் ஒரே ஸ்விட்ச்சில் இருப்பது. வாடிக்கையாளர் அனுப்பும் ஒரு கெட்ட இணைப்பைப் புதிய கணினியில் திறந்தால் போதும், உங்கள் பழைய புத்தகங்கள் முழுவதும் பூட்டப்பட்டுவிடும்.

நான் பரிந்துரைப்பது, நடுவில் ஒரு லினக்ஸ் கணினி. உங்களிடம் ஓரமாகக் கிடக்கும் பழைய கணினி எதுவானாலும் போதும், இரண்டு நெட்வொர்க் கார்டுகள் மட்டும் வேண்டும். முதல் கார்டு ஒரு தனி ஸ்விட்ச்சுக்குப் போகட்டும். அதில் எக்ஸ்பியும் சர்வர் 2003-உம் மட்டும் இருக்க வேண்டும், ரௌட்டரிலிருந்து அந்த ஸ்விட்ச்சுக்கு எந்தக் கம்பியும் வரக்கூடாது. இரண்டாவது கார்டு அலுவலக நெட்வொர்க்குக்குப் போகட்டும். இரண்டு கார்டுகளுக்கும் இடையே பாக்கெட் கடந்து போகாதபடி ஃபார்வர்டிங் அணைந்திருக்க வேண்டும். லினக்ஸில் டெபியன் வகையை நிறுவினால் இயல்பாகவே அது அணைந்துதான் இருக்கும், ஆயினும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த லினக்ஸ் கணினி, சர்வர் 2003-இன் பகிர்வுக் கோப்புறையை சிஐஎஃப்எஸ் முறையில் தன்னோடு மவுன்ட் செய்துகொள்ளும், அதாவது தன் சொந்தக் கோப்புறைபோல இணைத்துக்கொள்ளும். 2017-க்குப் பிந்தைய கெர்னல்கள் தாமாக முதல் பதிப்பைப் பேச முன்வருவதில்லை என்பதால், மவுன்ட் கட்டளையில் பதிப்பு 1.0 என்று நீங்களே குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் காரணம் புரியாத பிழைதான் வரும். அப்படி மவுன்ட் செய்த இடத்தை அதே கணினியில், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குக் கோப்பு பகிரும் நிரலான சம்பா வழியாக விண்டோஸ் 11-க்குப் பகிருங்கள். 2019-இல் வந்த சம்பா 4.11-லிருந்து எஸ்எம்பி 1 இயல்பாகவே அணைந்திருக்கிறது, அதை அப்படியே விட்டுவிடுங்கள். பழைய மொழி பழைய ஸ்விட்ச்சோடு நின்றுவிடும், புதிய கணினிகள் ஒருபோதும் அதைப் பேச வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவை இரண்டு. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை அது ஏற்காது. ஆகவே சம்பாவில் ஒரு பயனரை உருவாக்கிக் கடவுச்சொல் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, பகிர்வை முதலில் படிக்க மட்டும் என்று அமையுங்கள். இப்படி இரண்டு கை மாறி வரும் கோப்புறையில், ஒரே கோப்பை இரண்டு பேர் திறந்து எழுதினால் பூட்டு சரியாக வேலை செய்யும் என்று நம்ப முடியாது. புதிய கணினியிலிருந்து ஏதேனும் அனுப்ப வேண்டுமானால் தனியாக ஒரு வரவுக் கோப்புறை வைத்துக்கொள்ளலாம்.

புதியவரவு எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி ஐயா. 15 நாள் விஷயம் எனக்குத் தெரியாது. எங்கள் அலுவலகத்தில் நெடுநாள் தொடாமல் இருந்தால் பகிர்வு அறுந்துபோவதற்கான காரணம் இப்போது விளங்குகிறது. நாங்களும் நடுக்கணினி முறைக்கு மாறப் பார்க்கிறோம்.

அச்சகப்பணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நிலவரத்தைத் தெரிவிக்கிறேன்.

பழைய பேட்டரியின் அளவு 2.1 வோல்ட். புதியதைப் போட்டு, எடுத்து வைத்த படங்களைப் பார்த்து அமைப்புகளைத் திரும்ப அமைத்த பின், வார இறுதிகளில் மெயின் சுவிட்சை வழக்கம்போல இறக்கியும் திங்கட்கிழமை கணினி நேராக எழுகிறது, டாங்கிளும் தெரிகிறது. 2011 ஜனவரி 1 தேதியிட்ட கோப்புகளைத் தேடியதில், சர்வரில் இல்லாத திருத்தங்கள் கொண்ட பல பக்கங்கள் கிடைத்தன. சென்ற ஆண்டுப் பஞ்சாங்கத்தில் ராகுகால அட்டவணைக்குச் செய்த திருத்தமும் அவற்றில் ஒன்று. ஃபார்மட் செய்திருந்தால் அது போயே போயிருக்கும்.

டிஸ்க்கில் 5-உம் 197-உம் பூஜ்யம், 199 மட்டும் பெரிய எண்ணாக இருந்தது. படக்கோப்பு எடுத்த பிறகு கேபிளை மாற்றிச் சேனலை அன்இன்ஸ்டால் செய்தோம். இப்போது அல்ட்ரா டிஎம்ஏ என்று காட்டுகிறது, வேகமும் திரும்பிவிட்டது. லினக்ஸ் கணினியைத் தெரிந்த மாணவர் ஒருவர் அமைத்துக் கொடுத்திருக்கிறார், விண்டோஸ் 11-இல் கோப்புறை திறக்கிறது.

இப்போது என் கேள்வி வேறு. கையில் இருக்கும் படக்கோப்பை வைத்து, இந்த எக்ஸ்பியையே புதிய கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியாக ஓட்ட முடியுமா? பாரலல் போர்ட் டாங்கிளை என்ன செய்வது? மதர்போர்டும் ஒருநாள் போய்விடும் அல்லவா?

வட்டுக்காப்பு எழுதியது:

முடியும். டாங்கிள் குறித்து முதலில் சொல்லிவிடுகிறேன்: மெய்நிகர் கணினிக்குள் பாரலல் போர்ட் டாங்கிளைக் காட்டுவது நம்பிச் செய்யத்தக்க வேலை அல்ல. ஆனால் டாங்கிள் எதற்குத் தேவைப்படுகிறது என்று பாருங்கள். உங்கள் விவரப்படி அது தமிழில் தட்டச்சு செய்ய உதவும் விசைப்பலகை மென்பொருளுக்குத்தான். ஏற்கெனவே அடித்து வைத்த பக்கத்தைத் திறந்து அச்சிட, எழுத்துருக்கள் நிறுவப்பட்டிருந்தால் போதும். ஆக, மறுபதிப்பு வேலை மெய்நிகர் கணினியில் நடக்கட்டும். புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டியவற்றுக்கு மட்டும் பழைய கணினி இருக்கட்டும்.

மெய்நிகர் கணினிகளை ஓட்டும் நிரலான விர்ச்சுவல்பாக்ஸில் படக்கோப்பை அதன் சொந்த வட்டு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு, வட்டுக் கன்ட்ரோலரை ஐடிஇ, பிஐஐஎக்ஸ்4 வகை என்று கொடுங்கள். அதன் இயல்பான தேர்வு சாட்டாவாக இருந்தால் இங்கேயும் அதே 7பி வந்து நிற்கும். நெட்வொர்க் கார்டுக்கு பிசிநெட் ஃபாஸ்ட் 3 என்பதைத் தேர்ந்தெடுத்தால் எக்ஸ்பியிடமே அதற்குரிய டிரைவர் இருக்கிறது. என்றாலும், அதை இணைக்காமல் வைத்து, கோப்புகளைப் பகிர்வுக் கோப்புறை வசதியின் வழியாக மட்டும் உள்ளே கொடுப்பதே நல்லது. வன்பொருள் முழுவதும் மாறிவிட்டதாக எக்ஸ்பி உணர்ந்து மீண்டும் ஆக்டிவேஷன் கேட்கும், உங்கள் உரிம எண்ணைத் தயாராக வைத்திருங்கள்.

பேஜ்மேக்கருக்கே உரிய ஒரு விஷயத்தையும் கவனத்தில் வையுங்கள். அதன் ஆவண அமைப்பில், எந்தப் பிரிண்டருக்காகப் பக்கத்தை அமைப்பது என்று ஒரு வரி இருக்கும். பழைய கணினியில் இருந்த பிரிண்டர் டிரைவர் மெய்நிகர் கணினியில் இல்லாமல் போனால், வேறொன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அப்படித் தேர்ந்தெடுத்ததும் வரிகள் முறியும் இடம் மாறி, பஞ்சாங்கத்தின் அட்டவணைகள் ஒரு வரி கீழே இறங்கிவிடும். படக்கோப்பிலிருந்து வரும் எக்ஸ்பியில் அந்த டிரைவர் ஏற்கெனவே இருக்கும், அதை நீக்காதீர்கள். முதலில் ஒரு பழைய புத்தகத்தின் நகலை மட்டும் திறந்து, எழுத்துருக்களை உட்பொதித்து பிடிஎஃப் எடுத்து, அட்டவணை நிறைந்த பக்கம் ஒன்றை அச்சிட்டு, முன்பு அச்சான பிரதியின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வரிக்கு வரி பொருந்தினால் மற்றவற்றையும் திறக்கலாம். பொருந்தாவிட்டால் ஆவணத்தைச் சேமிக்காமல் மூடிவிட்டு, அந்தப் பிரிண்டர் வரியில் என்ன இருக்கிறது என்பதைப் பழைய கணினியோடு ஒப்பிட்டு இங்கே எழுதுங்கள்.